தலையைத் தூக்கினால் ரோபோ நின்றுவிடும்: வாசகர் கேள்வி பதில்

ஆபரேஷன் தியேட்டருக்குள் கம்ப்யூட்டர் எப்படியெல்லாம் நுழைந்திருக்கிறது என்று போன இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தபாலில் வந்தது, வாட்ஸ்அப்பில் வந்தது, தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் கீரைக்கட்டோடு நின்றவனை மடக்கிக் கேட்டது என்று எல்லாவற்றையும் கலந்து சிலவற்றுக்கு இங்கே பதில். மறுபடி சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரிகளில் மெஷின் பழுது பார்த்தவன். மருந்து மாத்திரை சந்தேகம் என்னிடம் வேண்டாம். மெஷின் எங்கே சொதப்பும் என்று கேட்டால் சொல்வேன்.

அப்பாவுக்கு 66 வயது. ப்ராஸ்டேட்டில் புற்றுநோய், ரோபோ வைத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். "மெஷின் கையில உங்கப்பாவைக் குடுக்கமாட்டேன்" என்று அம்மா அழுகிறார். ரோபோ தானாகவே வெட்டுமா? நடுவில் கரன்ட் போனால்?
*– ஒரு வாசகர், காசிமேடு*

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள் தம்பி: ரோபோ என்பது பேருக்குத்தான், அது தானாக ஒரு நூலைக்கூட அறுக்காது. அதிகம் புழங்குகிற 'டா வின்சி' மெஷினையே எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வயிற்று ஆபரேஷன்களுக்கு அனுமதி வாங்கிய மெஷின் அது. நோயாளிக்கு மேலே நான்கு கைகள் நீண்டிருக்கும், ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கத்தரி, இடுக்கி, ஊசி பிடிக்கிற கருவி. சர்ஜன் அதே அறையில் சில அடி தள்ளி ஒரு மேஜை மாதிரியான கன்சோலில் உட்கார்ந்து, குனிந்து, இரண்டு கண்ணையும் அதன் குழிக்குள் வைத்துப் பார்ப்பார். உள்ளே இருப்பது முப்பரிமாணத்தில், பத்து மடங்கு வரை பெரிதாகத் தெரியும். அவர் விரல் அசைந்தால் உள்ளே கருவி அசையும், அவர் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும்.

எனக்கு அந்த மெஷினில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். கண் வைக்கிற குழி பக்கத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. சர்ஜன் தலையைத் தூக்கி நர்ஸிடம் ஏதாவது கேட்கத் திரும்பினால் போதும், கைகள் எல்லாம் அப்படியே நின்றுவிடும். மறுபடி தலையை வைத்தால்தான் நகரும். பார்க்காமல் கை வைக்க அது விடாது. நம் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டே காய் நறுக்குகிறவர்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்.

சரி, அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய மெஷின்? ப்ராஸ்டேட் இருப்பது இடுப்பெலும்புக் கூட்டின் அடி ஆழத்தில். கை நுழைவதே கஷ்டம், நுழைந்தாலும் கை மறைத்துக்கொள்ளும். அந்த இடுக்கில் மணிக்கட்டு மாதிரி வளைகிற, எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள கருவி போனால் வேலை சுலபம். சர்ஜன் கையை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினால் உள்ளே ஒரு சென்டிமீட்டர்தான் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம், கை நடுக்கத்தையும் கம்ப்யூட்டர் வடிகட்டிவிடும். குறையும் உண்டு. தொட்டால் தெரிகிற உணர்ச்சி இத்தனை வருடமாக அதில் கிடையாது. நூலை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைக் கண்ணால் பார்த்தே பழக வேண்டும். 2024-ல் வந்த ஐந்தாம் தலைமுறை மெஷினில்தான் இழுவிசையைக் கைக்கு உணர்த்துகிற கருவிகள் வந்தன.

கரன்ட் விஷயம். மெஷினுக்கு உள்ளேயே பேட்டரி உண்டு, தியேட்டருக்கு யுபிஎஸ் உண்டு, அதற்கு மேல் ஜெனரேட்டர். எல்லாம் கைவிட்டாலும் படுக்கை பக்கத்தில் ஒரு சர்ஜனும் நர்ஸும் கையுறை போட்டுத் தயாராக நிற்பார்கள். கருவிகளை வெளியே எடுத்துவிட்டு, சாதாரண லேப்ராஸ்கோப்பியாகவோ (சின்ன ஓட்டைகள் வழியாகக் கேமராவும் நீளக் கருவியும் விட்டுக் கையால் செய்வது) வயிற்றைத் திறந்தோ மீதியை முடிப்பார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி கரன்ட் பற்றி இல்லை. "டாக்டர், இதே ஆபரேஷனை ரோபோவில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், நடுவில் திறந்து செய்ய வேண்டி வந்தால் அதையும் நீங்களே செய்வீர்களா?" இதைக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பணம் பிரச்சினை என்றால், ஓமந்தூரார் தோட்டத்து அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022-ல் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ மையம் திறந்திருக்கிறார்கள், அங்கேயும் ஒருமுறை விசாரியுங்கள்.

ரோபோ சிகிச்சைக்கு ஏன் இவ்வளவு செலவு?
*– ஒரு வாசகர், மூலக்கடை*

மெஷின் விலை ஒரு பக்கம். இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள்: அந்தக் குட்டிக் கத்தரி, இடுக்கி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது, அது எத்தனை ஆபரேஷன் ஆனது என்று எண்ணிக்கொண்டே வரும். பல கருவிகளுக்குப் பத்து தடவைதான் என்று ரொம்ப காலம் இருந்தது, பிறகு சிலவற்றுக்குக் கொஞ்சம் கூட்டினார்கள். கணக்கு முடிந்தால் கருவி பளபளவென்று இருந்தாலும் மெஷின் ஏற்றுக்கொள்ளாது. புதுசு வாங்கு என்று அர்த்தம். பிரிண்டர் இங்க் விற்கிற அதே வியாபாரம்தான். குருகிராமில் தயாராகிற 'எஸ்எஸ்ஐ மந்த்ரா' மாதிரி உள்நாட்டு ரோபோக்கள் வந்திருப்பதால் போட்டி கூடி விலை இறங்கும் என்று நம்புகிறேன்.

சார், நான் பழைய ஜெயில் ரோடு பக்கம் எம்.எஸ். (சர்ஜரி மேற்படிப்பு) முதல் வருடம். லேப்ராஸ்கோப்பி கருவியைப் பிடித்தால் கை எதிர்ப்பக்கம் போகிறது, சீனியர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். சிமுலேட்டர் லேபில் முறை கிடைப்பதே அபூர்வம். ஹாஸ்டல் அறையில் ஏதாவது செய்ய முடியுமா?
*– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு மாணவர்*

தம்பி, உங்கள் கை எதிர்ப்பக்கம் போகவில்லை, கருவியின் முனைதான் போகிறது. வயிற்றுச் சுவரில் போட்ட ஓட்டை ஒரு அச்சு. கையை வலப்பக்கம் தள்ளினால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். காசிமேட்டில் ஃபைபர் படகு ஓட்டுகிற பையனைக் கேளுங்கள், சுக்கானை வலப்பக்கம் தள்ளினால் படகு எந்தப்பக்கம் திரும்பும் என்று. அவனும் முதல் வாரம் குழம்பியிருப்பான், இப்போது பீடி பற்றவைத்துக்கொண்டே ஓட்டுவான். மூளை பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், அந்த நேரத்தை நோயாளியின் வயிற்றுக்குள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் சிமுலேட்டரின் மொத்த ரகசியமும்.

அப்படிப் பழகுகிற பெட்டி ஒன்றை நீங்களே செய்யலாம். பிளாஸ்டிக் சாமான் பெட்டி ஒன்று, மூடியோடு. மூடியில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு, மேலே பழைய ஸ்கூட்டர் டியூப் துண்டை ஒட்டி நடுவில் கீறிவிடுங்கள், கருவி அதன் வழியாக நுழைந்தால் தோல் பிடிக்கிற மாதிரியே பிடிக்கும். உள்ளே எல்.இ.டி. பட்டை. ஒரு வெப்கேமராவை நடுவில் பொருத்தி லேப்டாப்பில் இணையுங்கள். தேய்ந்துபோய் ஒதுக்கிவைத்த இரண்டு கருவியை உங்கள் தியேட்டர் பொறுப்பாளரிடம் முறையாகக் கேட்டு வாங்குங்கள். முதலில் பட்டாணி. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு, இடது கையால் எடுத்து, அந்தரத்தில் வலது கைக்கு மாற்றி, கீழே விழாமல். பச்சைப் பட்டாணி நசுங்கினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்த பட்டாணி அந்த உண்மையைச் சொல்லாது, அதனால் பச்சையே வாங்குங்கள். அப்புறம் காஸ் துணியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு கோடு தவறாமல் வெட்டுவது. அப்புறம் கையுறை விரலில் தையல், பெட்டிக்குள்ளேயே முடிச்சு. அமெரிக்காவில் சர்ஜன் தகுதித் தேர்வுக்குப் போகிறவர்கள் தேற வேண்டிய லேப்ராஸ்கோப்பி அடிப்படைப் பயிற்சியிலும் கிட்டத்தட்ட இதே வேலைகள்தான், பெயர் மட்டும் பெரிது.

உங்கள் கல்லூரி பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. கை ஆபரேஷனுக்கென்றே தனித்துறை வைத்து நாடு முழுக்கப் பேர் வாங்கியது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அறுந்த விரலை ஒட்டுகிற மைக்ரோசர்ஜரி பழகுகிறவர்கள் எதில் தொடங்குவார்கள் தெரியுமா? கோழிக்கால். தொடைப் பகுதியைப் பிரித்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடும். அதை வெட்டி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தைக்க வேண்டும். ஒரு தடவை மைக்ரோஸ்கோப் விளக்கு மாற்றப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மா அதைச் செய்துகொண்டிருந்ததை முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். எட்டுத் தையல். கடைசியில் ஊசி வழியாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தார், ஒரு இடத்தில் பொட்டாகக் கசிந்தது. ஒன்றும் சொல்லாமல் மொத்தத்தையும் அறுத்துப் போட்டுவிட்டு அடுத்த காலை எடுத்தார்.

கம்ப்யூட்டர் சிமுலேட்டர் எதற்கு என்றால், அது எண்ணிக் காட்டும். நேரம் எவ்வளவு, முனை எத்தனை சென்டிமீட்டர் அலைந்தது, எங்கே சுட்டது என்று எல்லாம் திரையில் வந்துவிடும், சீனியரின் மூட் பார்த்து மார்க் போடாது. 2002-ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் 16 பயிற்சி சர்ஜன்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் சிமுலேட்டரில் பழக்கினார்கள். பிறகு நிஜமான பித்தப்பை ஆபரேஷனில் அவர்கள் 29 சதவீதம் வேகமாக வேலை முடித்தார்கள், தவறும் மற்றவர்களைவிட ஆறில் ஒரு பங்குதான். கண்புரையிலும் அப்படியே. பிரிட்டனில் சிமுலேட்டர் பரவிய பிறகு, முதல் இரண்டு வருட பயிற்சி டாக்டர்கள் செய்த ஆபரேஷன்களில் லென்ஸின் பின்சவ்வு கிழிவது 4.2 சதவீதத்திலிருந்து 2.6-க்கு இறங்கியது. நம் நாட்டில் 2019-ல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். விதிகள் திறன் பயிற்சிக்கூடத்தைக் கட்டாயமாக்கிவிட்டன. கூடம் இருந்தால் போதாது, சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகும் திறந்திருக்க வேண்டும், சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. உங்கள் டீனுக்கு மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மனு கொடுங்கள்.

திட்டுகிற சீனியரையும் ஒருநாள் பட்டாணி மாற்றக் கூப்பிடுங்கள்.

இந்த சிமுலேஷன் எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், ராயபுரம்*

ஐயா, கம்ப்யூட்டரில் செய்தது அவர்கள், யோசனை பழசு. சுசுருத சம்ஹிதை என்ற பழங்கால வைத்திய நூலில் சீடனுக்குப் பயிற்சி எப்படித் தர வேண்டும் என்று தனி அத்தியாயமே இருக்கிறது. கீறிப் பழகப் பூசணி, சுரைக்காய், வெள்ளரி. ரத்தநாளத்தைக் குத்திப் பழகத் தாமரைத் தண்டும் செத்த மிருகத்தின் ரத்தக்குழாயும். தையலுக்குத் தடித்த துணியும் மெல்லிய தோலும். கட்டுப்போட ஒரு பொம்மை. எத்தனை நூல் படித்தவனாக இருந்தாலும் இப்படிக் கையால் பழகாதவன் வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிடுகிறது.

இந்தக் காலத்துக்கு வந்தால், விமானிகளுக்குத்தான் முதலில். 1929-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் தன் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையிலிருந்த காற்றுத்துருத்திகளை வைத்து ஆடுகிற, சாய்கிற ஒரு விமானப் பெட்டி செய்தார். 1960-ல் நார்வேயில் பொம்மை செய்கிற லேர்டால் என்பவர் வாயில் ஊதி நெஞ்சை அமுக்கிப் பழக 'ஆன்' என்ற பொம்மையைக் கொண்டுவந்தார். பாரிஸில் ஓடும் சேன் நதியில் மூழ்கிச் செத்ததாகச் சொல்லப்படும், பேர் தெரியாத ஒரு பெண்ணின் முகம்தான் அந்தப் பொம்மைக்கு. அறுபதுகளின் கடைசியில் கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் இயக்கிய மனித பொம்மை வந்தது, கண் சிமிட்டும், மூச்சு விடும், மயக்க மருந்து தப்பாகப் போட்டால் அதற்கேற்ப நாடி மாறும். விலை தாங்காமல் அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

முழங்கால் மாற்று ஆபரேஷன். சாதாரணமாகச் செய்தால் ஒரு தொகை, ரோபோ என்றால் லட்சத்துக்கு மேல் கூடுதல் என்கிறார்கள். மகன் கடன் வாங்கத் தயாராக இருக்கிறான். வாங்கட்டுமா?
*– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை*

கடன் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள் அம்மா. முழங்கால் ரோபோ செய்வது என்னவென்றால், எலும்பின் படத்தை வைத்து எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கோடு போடுகிறது. சில மெஷின்களில் ரம்பத்தையே ரோபோ கை தாங்கிப் பிடித்திருக்கும், தள்ளுவது டாக்டர், கோட்டைத் தாண்டினால் கை முரண்டு பிடித்து நிறுத்திவிடும். மூட்டு நேராக உட்காருவதில் இதனால் துல்லியம் கூடுகிறது, அது உண்மை. ஆனால் வலி குறைந்ததா, நன்றாக நடக்கிறார்களா, மூட்டு எத்தனை வருடம் தாங்கியது என்று பார்த்தால், கைதேர்ந்த டாக்டர் சாதாரண முறையில் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தென்கொரியாவில் பழைய தலைமுறை ரோபோவை வைத்துச் செய்தவர்களைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு சொன்னதும் அதுதான். புதிய மெஷின்களுக்கு அவ்வளவு நீண்ட கணக்கு வர இன்னும் காலம் ஆகும்.

என் கருத்து: கடன் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபிக்கு ஆள் வையுங்கள், வெஸ்டர்ன் டாய்லெட் போடுங்கள், மாடிப்படிக்குக் கைப்பிடி வையுங்கள். நம் பக்கத்து வீடுகளில் படி ஒவ்வொன்றும் ஏணி மாதிரி இருக்கிறது, அதில் ஏறிக் காலைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

தனியார் இன்ஷூரன்ஸ் இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ரோபோ சிகிச்சையை அடியோடு விலக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அந்த வரம்பு பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இருக்கும்.

சின்ன ஓட்டை போட்டுச் செய்வதுதான் எப்போதும் நல்லதா?
*– ஒரு வாசகி, பெரம்பூர்*

இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 631 பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2018-ல் வெளியானது. சின்ன ஓட்டை வழியாக, ரோபோ உட்பட, செய்தவர்களில் நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 86 சதவீதம். வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம். எல்லோரும் வேறு மாதிரி எதிர்பார்த்தார்கள், உலகம் முழுக்க டாக்டர்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். பித்தப்பைக்கு நல்லதாக இருப்பது இதற்கும் நல்லது என்று கணக்குப் போட முடியாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால் இந்த ஆய்வைச் சொல்லியே டாக்டரிடம் கேளுங்கள்.

மூளைக்கட்டி ஆபரேஷனில் ஜிபிஎஸ் மாதிரி வழி காட்டும் கருவி இருப்பதாக மச்சானின் டாக்டர் சொன்னார். அப்படியென்றால் பயமில்லை அல்லவா?
*– ஆட்டோ ஓட்டுநர், அயனாவரம்*

அண்ணே, உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. தான் மேப். முகத்திலும் தலையிலும் சில புள்ளிகளைத் தொட்டுக் காட்டி அந்த மேப்பை நிஜத் தலையோடு பொருத்துவார்கள். டாக்டர் கையிலிருக்கும் குச்சியில் சின்னச் சின்னப் பளபளப்பு உருண்டைகள், மேலே ஒரு அகச்சிவப்புக் கேமரா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும், குச்சி முனை மூளையில் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும். மண்டையோட்டில் ஓட்டை எங்கே போட வேண்டும் என்று குறிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஆனால் மெட்ரோவுக்காக உங்கள் ஏரியாவில் தெருவைத் தோண்டினார்களே, அப்போது மேப் என்ன காட்டியது? நேற்றைய தெருவைக் காட்டியது. அதே கதைதான். மண்டையைத் திறந்து உள்ளே இருக்கிற நீர் வடிந்ததும் மூளை கொஞ்சம் தாழும், சரியும். கட்டியை எடுக்க எடுக்க இன்னும் நகரும். காலையில் எடுத்த மேப் மதியம் சில மில்லிமீட்டர் பொய் சொல்லும், சில சமயம் அதற்கும் மேலே. அதனால் நடுவிலேயே அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்ப்பார்கள், வசதி இருக்கிற இடத்தில் தியேட்டருக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பேச்சு, கை அசைவு சம்பந்தப்பட்ட இடமென்றால் நோயாளியை விழிக்க வைத்துப் பேசச் சொல்லிக்கொண்டே எடுப்பதும் உண்டு. உங்களுக்கு மேப் தப்பு என்று தெரிந்தவுடன் எந்தச் சந்தில் திருப்புவது என்று தெரியும் இல்லையா, மச்சானின் டாக்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பயம் போகும் அளவுக்குப் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கம்ப்யூட்டர் தப்பு செய்து ஆள் செத்திருக்கிறார்களா? மழுப்பாமல் சொல்லவும்.
*– ஒரு வாசகர், வியாசர்பாடி*

செத்திருக்கிறார்கள். 'தெராக்-25' என்று கனடாவில் தயாரான கதிர்வீச்சு மெஷின். 1985-லிருந்து 1987-க்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு போனது, குறைந்தது மூன்று பேர் அதனால் செத்தார்கள். நடந்தது இதுதான். அந்த மெஷினில் இரண்டு வகைக் கதிர், எக்ஸ்ரேக்கு ஒரு எழுத்து, எலெக்ட்ரானுக்கு வேறு எழுத்து. டெக்ஸாஸில் பழக்கமுள்ள ஒரு ஆபரேட்டர் தவறுதலாக எக்ஸ்ரே எழுத்தை அடித்துவிட்டு, சட்டென்று மேலே போய்த் திருத்திவிட்டு, மளமளவென்று கீழே வந்துவிட்டார். எட்டு விநாடிக்குள் திருத்திவிட்டால் திரையில் மாறும், உள்ளே முழுதாக மாறாது. சாஃப்ட்வேர் ஓட்டை. பழைய மாடலிலும் அதே ஓட்டை இருந்தது, ஆனால் அதில் கம்பியும் சுவிட்சுமாகத் தனியே ஒரு பூட்டு இருந்ததால் ஃப்யூஸ் போகுமே தவிர ஆள் தப்பித்துவிடுவார். புது மாடலில் 'கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்' என்று அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள். திரையில் 'கோளாறு 54' என்று வந்தது. அது என்ன என்று கையேட்டில் விளக்கமில்லை. தினம் பத்து கோளாறு காட்டுகிற மெஷின், 'தொடர்க' பொத்தானை அமுக்கிப் பழகிவிட்டார்கள். அன்றைக்கும் அமுக்கினார்கள். உள்ளே படுத்திருந்தவர் கத்தியது வெளியே கேட்கவில்லை, இன்டர்காம் அன்று வேலை செய்யவில்லை.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அலாரம் சத்தம் தொல்லை என்று ஆஃப் செய்து வைத்த மானிட்டரை எங்கே பார்த்தாலும் சண்டை போடுவேன். ஒரு ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம், ஐ.சி.யூ.வில் ஆறு மானிட்டரில் நான்கு ஊமையாக இருந்தன, ஸ்பீக்கர் மேல் பிளாஸ்திரி வேறு. நர்ஸ் பெண்ணைத் திட்டப் போனேன். "அண்ணா, ஒரு ராத்திரிக்கு நூறு தடவை சும்மா கத்துது, நிஜமா கத்தும்போது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பதில் இல்லை. அளவுகளை நோயாளிக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைக்க யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்து ஆறையும் சரிசெய்துவிட்டு, பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அமெரிக்காவில் உட்கார்ந்து ராயபுரத்தில் இருப்பவருக்கு ஆபரேஷன் செய்ய முடியுமா?
*– கல்லூரி மாணவி, எண்ணூர்*

முடியும், கடல் தாண்டிச் செய்தே காட்டிவிட்டார்கள். 2001 செப்டம்பர் 7-ஆம் தேதி ஜாக் மாரெஸ்கோ என்ற சர்ஜன் நியூயார்க்கில் உட்கார்ந்து, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் படுத்திருந்த 68 வயதுப் பெண்ணின் பித்தப்பையை ரோபோவால் எடுத்தார். கை அசைவு போய்ப் படம் திரும்பி வர ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான் ஆனது, தனிக் கேபிள் போட்டிருந்தார்கள். உலகமே பேசியிருக்க வேண்டிய செய்தி, நான்கே நாளில் செப்டம்பர் 11 வந்து அமுக்கிவிட்டது. ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் சர்ஜன்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், ரத்தம் கொட்டினால் நியூயார்க்காரர் ஓடி வர முடியாதே. அந்த ஆளும் கேபிளும் இரண்டு ரோபோவும் இருக்கிற ஊரில் பெரும்பாலும் நல்ல சர்ஜனே இருப்பார் என்பதுதான் இதில் சிக்கல்.

எக்ஸ்ரேயை ஏஐ பார்த்து டி.பி. சொல்கிறதாமே. முகாமில் எனக்கு "சந்தேகம்" என்று வந்துவிட்டது, தூக்கமே இல்லை.
*– ஒரு வாசகர், திருவொற்றியூர்*

தூங்குங்கள். அது சல்லடைதான், தீர்ப்பு இல்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயில் இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. படத்தைப் பார்த்து ஒரு எண் கொடுக்கும், அந்த எண் எல்லையைத் தாண்டினால் சளிப் பரிசோதனை. ஒருவரையும் தவறவிடக் கூடாது என்று எல்லையைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள், அதனால் நோயில்லாதவர்களும் நிறைய மாட்டுவார்கள். எப்போதோ வந்து ஆறிய டி.பி. தழும்பைப் பார்த்தும் அது ஏமாறும். சளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள், முடிவு வந்த பிறகு எழுதுங்கள்.

எல்லாம் சிமுலேட்டரில் பழகிவிட்டால் இனி உடல்தானம் தேவையில்லைதானே? நான் எழுதிவைக்கலாம் என்றிருந்தேன்.
*– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை*

எழுதிவையுங்கள் அம்மா. அந்த சிமுலேட்டருக்கே உடல்தானம்தான் அடிப்படை. அமெரிக்காவில் ஒருவர் கொடுத்த உடலை உறையவைத்து ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாக 1,871 துண்டு சீவிப் படமெடுத்து 1994-ல் வெளியிட்டார்கள், உலகத்தில் எத்தனையோ கம்ப்யூட்டர் உடல்கள் அதிலிருந்து பிறந்தவை. நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து முப்பரிமாணத்தில் வெளியிட்டார்கள், பேர் 'தரணி'. அதுவும் யாரோ ஒரு குடும்பம் துக்கத்துக்கு நடுவில் சரி என்று சொன்னதால் வந்தது. அதோடு, ஒவ்வொரு உடம்பிலும் ரத்தக்குழாய் ஓடுகிற வழி வேறு. திரையில் எழுதிவைத்த வழியை மட்டும் பார்த்த மாணவன் அதைத் தெரிந்துகொள்ள மாட்டான்.

அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் கிடைக்கும், உங்களுக்கு ஸ்டான்லி நடக்கிற தூரம். பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பொதுவாக வாங்கமாட்டார்கள். கண்ணை மட்டும் முதலில் தானம் செய்யலாம், ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். முக்கியமானது, வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அன்றைக்கு ஃபோன் செய்ய வேண்டியது அவர்கள்தான். நான் போன வருடம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி கொடுக்கும்போது, "அந்தப் படிவம் இன்னொண்ணு இருக்கா?" என்றாள்.